'ஜான்ஸ்' என்னும் பெயர்

இலங்கைப் பறங்கியர் குடும்பப் பெயர்களுள் 'ஜான்ஸ்' என்பது ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது இதன் இறுதியில் எஸ், இசட் என்னும் இரண்டு எழுத்துக்கள் அடுத்தடுத்து நிற்கும். இரண்டும் எதற்கு எனப் பலர் வியப்பதுண்டு. விடை எளிது. 'யான்' என்பது ஒல்லாந்தரிடையே பெருவழக்கான ஆண்பெயர். அடுத்து நிற்கும் எஸ், 'உடைய' என்னும் ஆறாம் வேற்றுமைப் பொருள் தருவது. இசட், மகன் எனப் பொருள்படும் 'ஸோன்' என்ற சொல்லின் முதலெழுத்து. ஆகவே, 'யானுடைய மகன்' என்பதே இப்பெயரின் பொருள்.

யான் யார்? தமிழ் விவிலியத்தின் யோவானே அவர். 'இறைவன் அருளுடையவன்' என்பது அந்த எபிரேயப் பெயரின் கருத்து. தமிழ்க் கத்தோலிக்கர் முன்னாளில் அவரை 'அருளப்பர்' என வழங்கியதும் இக்கருத்துப் பற்றியே. ஆதலால் ஜான்ஸ் என்பவர் தமிழில் 'அருளப்பர் மகன்' ஆவார். அவ்வாறே 'பீட்டர்ஸ்' என்பவர் 'இராயப்பர் மகன்' ஆவார்.

இது தொடக்கத்தில் குடும்பப் பெயரன்று, தந்தை பெயரே. 1642இல் தாஸ்மேனியாவைக் கண்ட கடலோடி ஆபெல் யான்ஸ்ஸோன் தாஸ்மனின் தந்தை யான் என்பதை அவர் பெயரே உணர்த்தும். ஒல்லாந்து நெப்போலியனின் ஆட்சிக்குட்பட்டிருந்தபோது, நிலையான குடும்பப் பெயர் வேண்டுமென 1811இல் ஆணை பிறந்தது. இலங்கையில் தங்கிவிட்ட குடும்பங்களிலும் காலப்போக்கில் தந்தை பெயர் மாறாத குடும்பப் பெயராயிற்று.

பதுளையை ஒல்லாந்தர் ஆண்டதில்லை. 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய அவர்கள், 1796 வரை கரையோரத்தையே ஆண்டனர். 1815இல் கண்டியரசு ஆங்கிலேயர் வசமான பின்னர், அரசாங்க அலுவலகங்களிலும் புகையிரதப் பகுதியிலும் பணியாற்றிய பறங்கியரோடு அவர்தம் பெயர்களும் மலைநாடு ஏறின. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது.

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இம்முறை புதியதன்று. இராமசாமியின் மகன் 'இரா. முத்தையா', முத்தையாவின் மகன் 'மு. வேலு'. பேரன் காலத்தில் பாட்டன் பெயர் மறைந்துவிடும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இது பெருந்துன்பமாக முடிந்தது. அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் மரபுவழிக் குடியுரிமை பெறுவதற்குத் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தவரென நிறுவவேண்டியிருந்தது. 1908இல் கொழும்பில் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் குடும்ப வமிசாவளிகளைத் தன் சஞ்சிகையில் வெளியிட்டு வந்தது. லயங்களிற் பிறந்தோர் பலரிடம் தந்தையின் பிறப்புச் சான்றுதானும் இருக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.

'இன்னாரின் மகன்' என்று சொல்வதில் ஒல்லாந்தரும் தமிழரும் ஒத்தவரே. ஒரு சாராருக்கு அச்சொல் ஏட்டில் நிலைத்தது; மறுசாராருக்கு நினைவில் மட்டும் நின்றது. குழந்தையின் பெயரைப் பதியும் பெற்றோர், பாட்டன், பூட்டன் பெயர்களையும் அவர்கள் பிறந்த ஊரையும் ஒரு தாளில் எழுதிவைப்பது நன்று.