தாய்மையின் வரிகள்

பேறுகாலத்தில் வயிற்றில் விழும் வரிகளைக் குறித்து நம் இல்லங்களில் வெளிப்படையாகப் பேசுவோர் அரியர். ஆனால் அவற்றை அடியோடு போக்குவதாகக் கூறும் மூலிகைத் தைலங்களோ கடைதோறும் விலையாகின்றன. பொருளைச் செலவிட்டும் பயன் காணாத இளந்தாய்மார் தம் உடலையே நொந்துகொள்கின்றனர். ஆகவே இதன் உண்மையை நாம் அறிந்துகொள்வது நலம்.

நமது உள்தோலில் கொல்லாஜன், எலாஸ்டின் என்னும் நார்கள் உள்ளன. கருவுற்ற 6, 7-ஆம் மாதங்களில் வயிறு விரைந்து பெருக்கையில் இந்நார்கள் இழுபட்டுச் சிதைகின்றன. அதன் அடையாளமே இவ்வரிகள். வயிற்றைச் சொறிவதால்தான் வரி விழுகிறது என்பது தவறான எண்ணம். தாய்க்கு இருந்திருப்பின் மகளுக்கும் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இளவயதில் கருவுறுவோருக்கும், உடல் எடை மிகக் கூடுவோருக்கும் அவ்வாறே. விரைந்து வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியர்க்கும் இவை தோன்றுவதுண்டு.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், சோற்றுக் கற்றாழை ஆகியவை மேல்தோலின் வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும்; அது சிறிய நன்மையன்று. எனினும், உள்தோலில் சிதைந்த நாரை அவை மீண்டும் இணைக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. ஆலிவ் எண்ணெய், கோக்கோ வெண்ணெய், வல்லாரை கலந்த களிம்பு முதலியவற்றைப் பற்றி 800 பெண்களிடம் நடந்த 6 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பினர் 2012-இல் ஒருங்கே சீர்தூக்கினர். இப்பூச்சுகள் வரிகளைத் தடுக்கும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்படவில்லை.

அப்படியாயின், பயன் கண்டதாகப் பலர் கூறுவதேன்? முதலில் சிவந்தோ கருத்தோ தோன்றும் வரிகள், மகப்பேற்றுக்குப் பின் தாமாகவே மங்கி வெளிறுகின்றன. காலம் செய்த வேலைக்குத் தைலம் புகழ் பெறுகிறது!

இங்கு எச்சரிக்கையும் வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நெடுநாள் பூசினால், அதுவே புதிய வரிகளை உண்டாக்கும். ரெட்டினாய்டு மருந்துகளைக் கருவுற்றோர் தவிர்த்தல் வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடும் அரிப்பு ஏற்பட்டால், எண்ணெய் பூசிக் காலம் தாழ்த்தலாகாது. அது ஈரல் கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரை நாடுக.

கணவன்மாருக்கு ஒரு சொல். மனைவியின் வயிற்று வரியை எள்ளி நகையாடுவது, அவள் உள்ளத்தில் ஆறாத வடுவை உண்டாக்கும். அவ்வரிகள் உங்கள் பிள்ளைக்கு இடம் தந்ததால் வந்தவை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் கைகளின் தழும்புகளை மறைக்கவில்லை, சீடர்களுக்குக் காட்டினார். அன்பினால் ஏற்ற தழும்பு இழுக்கன்று என்பதை நம் குடும்பங்கள் உணர்வனவாக!