கையெழுத்துக்கு முன் எந்தத் தாள் என்று பாருங்கள்

காசநோய்க் கிளினிக்குக்கு மொழிபெயர்ப்புக்காகக் கூடப் போகும்போது ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஊரிலிருந்து மகளிடம் வந்த ஓர் அம்மா, விசாவோடு கிடைத்த மருத்துவக் கண்காணிப்புப் படிவத்தைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு எட்டு மாதம் இருந்துவிட்டார். "சும்மா ஒரு பேப்பர்தானே பிள்ளை" என்றார். அதே அம்மாவிடம் பிறகு ஓர் ஆய்வுக்கான சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். 14 பக்கம். ஒரு வரி படிக்காமல், "டொக்டர் தந்தால் போடத்தானே வேணும்" என்று பேனா கேட்டார். கட்டாயமான தாளைக் கவனிக்காமல் விட்டார். விரும்பினால் மட்டும் போட வேண்டிய கையெழுத்தைக் கட்டாயம் என்று நினைத்தார்.

முதல் தாள் எது? குடிவரவு மருத்துவப் பரிசோதனையின் எக்ஸ்றேயில் பழைய காசநோயின் அடையாளம் தெரிந்தால், ஐஎம்எம் 0535 என்ற எண்ணுள்ள கண்காணிப்பு உறுதிமொழிப் படிவம் தருவார்கள். கனடா வந்து 30 நாளுக்குள் பொதுச் சுகாதாரப் பிரிவோடு தொடர்பு கொள்ள வேண்டும். அவசரம் என்று குறித்திருந்தால் 7 நாள்தான். எந்தப் பிரிவு என்பதை உங்கள் முகவரி தீர்மானிக்கும். ஸ்காபரோவில் இருந்தால் ரொறன்ரோ நகரப் பிரிவு; 311ஐ அழைத்து, காசநோய்ப் பிரிவு வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று சொல்லுங்கள். மார்க்கம் என்றால் யோர்க் பிராந்தியம், அஜக்ஸ் என்றால் டர்ஹம், பிரம்ரன் என்றால் பீல். இடையில் வீடு மாறினால் அதையும் அறிவியுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் சிக்கிக்கொண்டவர்கள் பலர்.

"போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்ற பேச்சை நம்பாதீர்கள். நோயாக மாறாமல் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமி மற்றவருக்குத் தொற்றாது, அதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதுமில்லை. போகாமல் இருப்பதுதான் குடிவரவு நிபந்தனையை மீறுவது. இதை அந்த அம்மாவிடம் தமிழில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று அலுவலகங்கள் நினைப்பதை என்னால் ஏற்க முடியாது.

செலவைப் பற்றிய பயமும் வேண்டாம். ஒன்ராறியோவில் காசநோய் மருந்து பொதுச் சுகாதாரப் பிரிவு மூலம் இலவசம். ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டை இல்லாதவர்களின் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் மாகாணத்தில் தனித் திட்டம் உண்டு. ஆனால் பொதுச் சுகாதாரப் பிரிவுதான் உங்களை அதில் பதிய வேண்டும். எக்ஸ்றேக்குப் போய்ப் பணம் கட்டிய பிறகு அல்ல, போகுமுன் கேளுங்கள்.

இரண்டாவது, சிகிச்சை. தொற்றக்கூடிய காசநோய் உள்ளவர் மருந்தை மறுத்தால் ஒன்ராறியோச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டப்படி சுகாதார அதிகாரி உத்தரவிடலாம். அதையும் மீறினால் நீதிமன்றம் வைத்தியசாலையில் தடுத்து வைக்க முடியும். இங்கே விளையாட இடமில்லை.

மூன்றாவது ஆய்வுப் படிவம். இதில் மட்டும் உங்கள் விருப்பம்தான் சட்டம். ஆய்வில் சேராவிட்டாலும் அதே சிகிச்சை, அதே வைத்தியர், அதே இலவச மருந்து. குடிவரவுக் கோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆய்வென்றாலே "எங்களை வைத்துப் பரிசோதிக்கிறார்கள்" என்று ஓடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலேயே மருந்து எடுப்பது சானடோரியத்தில் படுத்து எடுப்பதற்குச் சமம் என்று 1959இல் காட்டியது. அதில் பங்கெடுத்தவர்கள் சென்னையின் ஏழை நோயாளிகள். உறங்கும் கிருமிக்கு 9 மாதம் ஐசோநயசிட் எடுத்த இடத்தில் 4 மாத ரிஃபாம்பிசின் போதும் என்பது 2018இல் மொன்றியல் ஆய்வாளர்கள் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு. இன்று உங்கள் கைக்கு வரும் குறுகிய சிகிச்சை யாரோ போட்ட கையெழுத்தால் வந்தது. ஆகவே சேருங்கள், சேராமல் விடுங்கள். படிக்காமல் மட்டும் எதையும் செய்யாதீர்கள்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். யோசிக்க நேரம் தருவது அவர்கள் கடமை. பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எடுக்கும் இரத்தமும் சளியும் எத்தனை வருடம் வைத்திருக்கப்படும், மரபணுப் பரிசோதனை உண்டா, வெளிநாட்டுக்குப் போகுமா? இடையில் விலகினால் ஏற்கனவே எடுத்த தகவலை என்ன செய்வார்கள்? மருந்தால் பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? கையெழுத்திட்டதால் சட்ட உரிமை போய்விடாது; அந்த வரி படிவத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஆய்வு நடத்துபவரிடம் சொல்லத் தயங்கும் முறைப்பாட்டை அந்த எண்ணில் சொல்லலாம். உங்கள் மருத்துவத் தகவல் கசிந்தது என்றால் ஒன்ராறியோவின் தகவல், தனியுரிமை ஆணையாளருக்கு எழுதுங்கள். படிவத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

தாள்கள் ஒருபுறமிருக்க, சளியில் கிருமி இருக்கிறது என்றதும் எந்தக் கிருமி என்று கேளுங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் காசநோயல்லாத மைக்கோபக்ரீரியாவும் நுரையீரலைப் பிடிக்கும். ரொறன்ரோ வெஸ்டேர்ன் வைத்தியசாலையில் அதைப் பற்றி நீண்டகாலமாக ஆய்வு நடக்கிறது. இந்தக் கிருமி பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றாது. சிகிச்சையும் வேறு, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல். இது தெரியாமல் தாயின் கோப்பையையும் தட்டையும் ஒதுக்கி வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதற்காக நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானாலோ, பசியே அற்றுப்போனாலோ அடுத்த குளிசையைப் போடாமல் அன்றே கிளினிக்குக்கு அழையுங்கள். வார்ஃபரின், சில நீரிழிவுக் குளிசைகள், கருத்தடைக் குளிசைகள் ஆகியவற்றின் வலுவை ரிஃபாம்பிசின் குறைக்கும். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு முதல் நாளே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: 30 நாள். அந்தத் தாள் உங்கள் பெட்டியின் அடியில் கிடந்தால், எட்டு மாதம் போயிருந்தாலும், இன்றைக்கே எடுத்துக்கொண்டு அழையுங்கள்.