குளிரை அறுவடை செய்யும் பீரங்கி

நவம்பர் கடைசியில் ஆல்ப்ஸ் மலையின் தாழ்வான பனிச்சறுக்கு மையங்கள் பல ஆண்டுகளில் இப்படித்தான் இருக்கின்றன: சரிவு முழுக்கப் பழுப்புப் புல், நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. எழுபது எண்பது சறுக்குப் பாதைகள் உள்ள மலையில் ஐந்தாறு மட்டும் திறந்திருக்கும். முன்பதிவு செய்து வந்தவர்கள் அத்தனை பேரும் அவற்றிலேயே நெருக்கியடித்து இறங்குவார்கள். கீழே லிஃப்ட் வாசலில் வரிசை நீளும். எல்லோர் கைப்பேசியிலும் அடுத்த பனிப்பொழிவு எப்போது என்ற தேடல் ஓடும். அந்த வெள்ளைப் பட்டையை விரித்தது வானம் அல்ல, பனிப் பீரங்கி எனப்படும் இயந்திரம். பனி பெய்யாவிட்டால் இயந்திரம் பெய்விக்கும், போதவில்லை என்றால் இன்னும் பத்து இயந்திரம் வாங்கினால் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது. தண்ணீரையும் மின்சாரத்தையும் தின்று பனியைக் கக்குவதுபோல் அது தோன்றினாலும், அதன் முதன்மையான மூலப்பொருள் மலைக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் குளிர். அந்தக் குளிர் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே எத்தனை பாதைகள் திறக்கும், வரிசை எவ்வளவு நீளும் என்பதெல்லாம் அமைகிறது.

இயந்திரம் பிறந்ததே ஒரு பனியில்லாக் குளிர்காலத்தில்தான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி ஆகிய மூவரும் அலுமினியச் சறுக்குப் பலகைகள் செய்து விற்றுவந்தார்கள். பனி பெய்யாததால் பலகை விற்கவில்லை. 1950-ல் வண்ணம் தெளிக்கும் காற்றழுத்தியையும் தோட்டத்துக் குழாயையும் ஒரு தெளிப்பு முனையையும் இணைத்து, உறையும் இரவில் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். தரையில் வெள்ளையாகப் படிந்தது. 1980-ல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் செயற்கைப் பனி முதன்முதலாக இறங்கியது. 2022-ல் பெய்ஜிங் போட்டிகள் ஏறத்தாழ முழுக்கவே அதன்மேல் நடந்தன. ஐரோப்பாவில் இத்தாலியின் சறுக்குப் பாதைகளில் பத்தில் ஒன்பது பங்கு இன்று இந்த இயந்திரங்களின் கையில் இருக்கிறது.

இன்றைய பீரங்கி ஒரு பெரிய மின்விசிறி. அதன் வாயைச் சுற்றி வளையம் வளையமாகத் தெளிப்பு முனைகள். அழுத்தத்தில் வரும் தண்ணீரை அவை நுண்துளிகளாகச் சிதறடிக்க, விசிறி அவற்றைத் தூக்கி வீசுகிறது. ஆனால் துளியைக் குளிரில் வீசிவிட்டால் மட்டும் அது உறைந்துவிடாது. தூசியோ வேறு துகளோ இல்லாத தூய நீர்த்துளி, கிட்டத்தட்ட −38 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கும். உறைவதற்கு அதற்கு ஒரு வித்து வேண்டும். அதற்காகவே சில முனைகள் அழுத்தப்பட்ட காற்றையும் நீரையும் கலந்து விடுகின்றன. அழுத்தம் விடுபட்ட கணத்தில் காற்று விரிந்து கடுமையாகக் குளிர, மிகச் சிறிய பனித்துணுக்குகள் உண்டாகின்றன. பெரிய துளிகள் அவற்றோடு மோதி உறையத் தொடங்குகின்றன. சில நாடுகளில் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் புரதத்தையும் தண்ணீரில் சேர்ப்பார்கள். இலைகளில் வாழ்ந்து, உறைபனியால் பயிரைக் கருக வைக்கும் அந்த நுண்ணுயிரின் புரதம், பூஜ்யத்துக்குச் சற்றே கீழான வெப்பநிலையிலும் நீரை உறைய வைக்கும் திறன் கொண்டது.

வித்து கிடைத்தாலும், துளி உறையும்போது வெளிவிடும் வெப்பத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ நீர் உறைந்தால் 334 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. அதில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்று எடுத்துக்கொள்கிறது. மற்றொரு பங்கை, துளியிலிருந்து ஆவியாகும் நீர் கொண்டுபோகிறது. மண்பானை கசிந்து தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வழிதான் இது. ஒரு கிராம் நீர் ஆவியானால், ஏழு கிராமுக்கு மேல் நீர் உறைவதற்கான வெப்பம் அகன்றுவிடும். வறண்ட காற்றில் இது வேகமாக நடக்கும், ஈரக்காற்றில் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே பனி செய்பவர்கள் சாதாரண வெப்பமானியை மட்டும் நம்புவதில்லை. ஆவியாதலையும் கணக்கில் சேர்த்த ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். அது சுமார் −2 அல்லது −3 டிகிரிக்கு இறங்கினால்தான் பீரங்கி ஓடும். காற்று 0 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் −4 அளவுக்குப் போய்விடும், பனி செய்யலாம். காற்று −1 டிகிரியில் இருந்து மூடுபனி சூழ்ந்திருந்தால் செய்ய முடியாது. அதே இயந்திரம் −10 டிகிரியில், −3-ல் தருவதைப்போல் பல மடங்கு பனி தரும். எனவே மேகமற்ற வறண்ட இரவு ஒன்று, மந்தமான ஈர இரவுகள் பலவற்றைவிட மதிப்புள்ளது.

இப்படிச் சில விநாடிகளில் உறையும் துளி, மேகத்தில் வளரும் பனியைப் போன்றதல்ல. 1936-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் நகாயா உகிச்சிரோ முயல்முடியின் நுனியில் செயற்கையாகப் பனிப்படிகம் வளர்த்தார். நீராவி அடுக்கடுக்காகப் படிந்து ஆறு கைகளாக விரிய அதற்கு நேரம் பிடித்தது. பீரங்கித் துளிக்கு அந்த அவகாசம் இல்லை. அது வெளியிலிருந்து உள்ளே உறைந்த சிறு உருண்டை. புதிதாகப் பெய்த பனி பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூடத் தேறாது. இயந்திரப் பனி 400 முதல் 500 கிலோ. இந்த அடர்த்தி ஒரு குறையல்ல. இது மெதுவாக உருகும், ஆயிரம் பலகைகள் உரசினாலும் தாங்கும், மேலே பெய்யும் இயற்கைப் பனிக்கு நல்ல அடித்தளமாகும். ஆனால் ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு விரிக்க 12 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். குளிர் மணிகள் குறைவு, தண்ணீரும் அளவு என்றால் முக்கியமான ஓரிரு பாதைகளைத்தான் பனியால் மூட முடியும். மரங்களுக்கு இடையிலும் திறந்த சரிவுகளிலும் ஆட்களைப் பரப்பிவிடும் வேலையை இயற்கைப் பனி ஒன்றே செய்கிறது. பருவத் தொடக்கத்து நெரிசலின் காரணம் இதுதான்.

பீரங்கிகளைக் கூட்டினால் குறைந்த நேரத்தில் முடித்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆல்ப்ஸின் வசதியான மையங்கள், மூன்று நான்கு குளிர் இரவுகளில் மலையை மூடும் அளவுக்கு இயந்திரங்களை நிறுத்தியிருக்கின்றன. அப்படியானால் அவ்வளவு நீரும் அந்த மூன்று நான்கு இரவுகளிலேயே வேண்டும். அதற்காக உச்சியருகே மலையைத் தோண்டி நீர்த்தேக்கம் கட்டுகிறார்கள். நீர் வசந்தத்தில் உருகித் திரும்பிவிடுகிறதே என்பது பாதி உண்மை. சுவிட்சர்லாந்தின் தாவோஸ் பனி ஆய்வு நிறுவனத்தின் அளவீடுகளில், ஆவியாகியும் காற்றில் பறந்தும் 7 முதல் 35 சதவீதம் வரை பாதையில் விழாமலேயே போனது. வெயிலிலும் பனி தரும் இயந்திரங்களும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தைக் குளிர்விக்க உருவான வெற்றிட இயந்திரத்தின் வாரிசு ஒன்றை அதே நாட்டின் செர்மாட் மையத்தில் நிறுவினார்கள். ஆனால் காற்றின் இலவசக் குளிருக்குப் பதில் மின்சாரத்தால் குளிரை உண்டாக்குவதால் செலவு ஏறுகிறது. ஒரு சிறு துண்டுப் பாதைக்கு மேல் கட்டுப்படியாகாது. தாவோஸ் போன்ற இடங்களில் குளிர்காலப் பனியை மரத்தூளால் மூடி, கோடை முழுக்கக் காத்து, அக்டோபரில் விரிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. என்றாலும் சேமிக்கப்படுவது போன பருவத்துக் குளிர்தான்.

வெப்பமாகும் உலகில் இதன் விளைவை 2023-ல் ஐரோப்பாவின் 2,234 மையங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை எண்ணிக்காட்டியது. உலகம் 2 டிகிரி சூடானால், இயந்திரம் இன்றி 53 சதவீத மையங்கள் கடும் பனிப்பஞ்ச அபாயத்தில் இருக்கும். பாதி பரப்பில் இயந்திரம் வைத்தால் அது 27 சதவீதமாகக் குறையும். 4 டிகிரி என்றால் 98, 71. இயந்திரம் பயனற்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 2 டிகிரியில் அது அபாயத்தில் உள்ள மையங்களில் ஏறத்தாழ பாதியைக் காப்பாற்றுகிறது. வெப்பம் கூடக் கூட அதன் பிடி தளர்வதையும் இதே எண்கள் காட்டுகின்றன.

குளிர் மணிகள் என்ற அளவுகோலால் காஷ்மீரின் பனிச்சறுக்கு மையமான குல்மார்க்கைப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. 2024 ஜனவரி நடுவில், அங்கு சில்லாய் கலான் எனப்படும் கடுங்குளிர் நாற்பது நாட்களுக்குள், குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் கொண்டுவரும் காற்றுச் சலனங்கள் வரவில்லை. ஆனால் இரவுகள் உறையும் குளிரோடும் தெளிந்த வானத்தோடும் இருந்தன. அங்கே குறைந்தது குளிர் அல்ல, ஈரம். பீரங்கி ஓடியிருக்க முடியும். ஆனால் வறண்ட ஆண்டில் ஓடைகளும் வற்றும் என்பதால் தண்ணீரை முன்பே சேமித்திருக்க வேண்டும். உத்தராகண்டின் ஔலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக உயரத்தில் செயற்கை ஏரி வெட்டிப் பீரங்கிகளும் வைத்தார்கள். இருந்தும் 2023 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த தேசியப் போட்டி பனியின்றி ரத்தானது.

எந்த மையமானாலும் முதலீட்டுக்கு முன் கேட்க வேண்டியது, நவம்பர், டிசம்பரில் ஈரக்குமிழ் −3-க்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, அது எப்படிக் குறைந்துவருகிறது என்பதே. நெரிசலுக்கோ இயந்திரத்தைவிட எளிய தீர்வு இருக்கிறது. ஆஸ்திரியாவின் லெக் சூர்ஸ் மையம், மலையில் ஒரே நேரத்தில் 14,000 பேருக்கு மேல் சறுக்க விடுவதில்லை. அதையே திறந்திருக்கும் பரப்போடு இணைத்து, ஐந்து பாதை திறந்த நாளில் ஐந்து பாதைக்கான சீட்டை மட்டும் விற்றால், வருபவர்கள் அடுத்த பனிப்பொழிவுக்கு லிஃப்ட் வரிசையில் நின்று காத்திருக்காமல் தங்கள் வீட்டில் காத்திருக்கலாம்.