மண்ணுக்குப் பயந்த ஊர்

எங்கள் ஊர்த் தாமல் ஏரிக்கரையில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவன் நான். முள்ளுக்குப் பயந்திருக்கிறேன், பாம்புக்குப் பயந்திருக்கிறேன், மண்ணுக்குப் பயந்ததில்லை. நான் நெய்த முகூர்த்தப் புடவைகளை யாழ்ப்பாணத்துக் கடைக்குக் கொண்டுபோனபோதுதான், பளையைத் தாண்டி முகமாலையில், மண்ணுக்கே பயப்படும் ஊரைப் பார்த்தேன். ஏ9 சாலையோரம் தலையிழந்த பனைகள். அவற்றுக்குக் கீழே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள்: மிதிவெடி.

2000-இல் ஆனையிறவு ராணுவ முகாம் விடுதலைப் புலிகள் கைக்குப் போனது. அதன்பின் 2009 தொடக்கம் வரை முகமாலைதான் போர்முனை. இரு தரப்பும் வெடி புதைத்தன. ராணுவத்துடையது பாகிஸ்தானில் செய்த பி4. புலிகள் தாங்களே செய்தவை ரங்கன் 99, மரப்பெட்டியில் அடைத்த ஜொனி 95. இவற்றில் சிலவற்றில் உலோகம் மிகக் குறைவு. அதனால் உலோகம் காட்டும் கருவியை மட்டும் நம்ப முடியாது. பல் வைத்த நீண்ட ரேக்கால் மண்ணை விரல் விரலாகச் சுரண்டித்தான் தேட வேண்டும்.

பேருந்தில் என் பக்கத்தில் இருந்த பெண் அந்த வேலை செய்பவர். "பயமாயில்லையா அம்மா?" என்றேன்.

"மேலை மிதிச்சாத்தான் வெடிக்கும் அண்ணை. நாங்கள் பக்கத்தாலை வாறம்" என்றார்.

முகத்துக்குக் கண்ணாடி போன்ற கவசம், மார்புக்குக் கனத்த அங்கி, முழங்காலில் இருந்தபடி ஒரு மீட்டர் அகலப் பாதை. தறியில் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். அங்கே அதற்கு வழியில்லை. ஹேலோ டிரஸ்ட், மேக் என்ற வெளிநாட்டு அமைப்புகளிலும், டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகளிலும் இப்படிப் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்து, தனியே வீட்டைத் தாங்குகிறவர்களும் உண்டு. ராணுவத்திலும் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

சண்டை ஓய்ந்ததும் நிவாரணமாக அரிசியும் கூரைத் தகரமும் வந்துவிடும். ஆனால் கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் நடக்க முடியாதவனுக்கு அரிசி எத்தனை நாளைக்கு? நிலம் சுத்தமான பிறகுதான் அகதி முகாமிலிருந்து குடும்பம் திரும்பும். அதுவரை, தெரியாத பொருளைத் தொடாதே என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நிவாரண வேலைதான்.

கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் 1997-இல் ஒட்டாவாவில் கையெழுத்தானது. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் நாட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது கெடு. இந்தியாவும் பாகிஸ்தானும் இன்னும் சேரவில்லை. 2025-இல் போலந்து, பின்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள் ஆகியவை ரஷ்யாவுக்கு அஞ்சி ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தன.

அவர்கள் பயம் பொய்யல்ல. முகமாலையில் புதைத்தவர்களும் எதிரிக்குப் பயந்துதான் புதைத்தார்கள். சில நொடியில் புதைத்ததை எடுக்க வருடக்கணக்காகிறது. செலவோ பல மடங்கு. புதைத்தவர் யாரும் அந்தச் செலவைக் கணக்கில் வைக்கவில்லை. வெடி புதைக்கலாமா என்று யோசிக்கும் அரசு, முகமாலையில் ஒரு மீட்டர் பாதை முடிய எவ்வளவு நேரமாகிறது என்று முதலில் நின்று பார்க்கட்டும்.