நண்பருக்கு முதல் அனிமே... எதைப் பரிந்துரைக்கலாம்?

‘அனிமே பார்க்கணும், எதுல ஆரம்பிக்கட்டும்?’ என்று யாராவது கேட்டால் போதும், ‘ஒன் பீஸ் பாரு, வேற லெவல்!’ என்று பதில் வந்துவிடும். சொல்பவர் மனசார சொல்கிறார். ஆனால், கேட்டவர் நாலு நாளில் சலித்துப்போய், அனிமே பக்கமே தலைவைக்காமல் போவதற்கும் அந்தப் பதிலே காரணமாகிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 1999-ல் தொடங்கிய ‘ஒன் பீஸ்’, 2021-லேயே 1,000 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு எபிசோடு பார்த்தாலும், ஆயிரத்தைத் தொடவே 500 நாள்கள் ஆகும். ‘நருட்டோ’ 220, அதன் தொடர்ச்சியான ‘ஷிப்புடென்’ 500. இரண்டையும் முடிக்க கிட்டத்தட்ட ஒரு வருஷம்!

ஏன் இவ்வளவு நீளம்?

மங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ் வெளிவந்துகொண்டிருக்கும்போதே, அதைத் தழுவிய அனிமேவும் வாரம் தவறாமல் ஒளிபரப்பாகும். அனிமே வேகமாக ஓடி மங்காவை எட்டிப்பிடித்துவிட்டால், இடைவெளியை நிரப்ப மங்காவில் இல்லாத கதைகளைச் சேர்ப்பார்கள். இதற்குப் பெயர்தான் ‘ஃபில்லர்’. இப்போது வரும் பெரும்பாலான தொடர்கள் அப்படி இல்லை. மூன்று மாதத்துக்கு 12 அல்லது 13 எபிசோடு எனச் சீசனாகவே வருகின்றன.

யாருக்கு எது?

பரிந்துரைக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டாலே போதும். எவ்வளவு நேரம் இருக்கிறது? வழக்கமாக எந்த மாதிரி படம் பிடிக்கும்?

த்ரில்லர் பிரியர் என்றால், ‘டெத் நோட்’ (37 எபிசோடு). பெயரை எழுதினால் ஆளே காலியாகும் நோட்டு ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைத் துரத்துகிறார் ‘எல்’ என்ற துப்பறிவாளர்.

டைம் டிராவல் கதை பிடிக்கும் என்றால், ‘ஸ்டைன்ஸ் கேட்’ (24). ஆரம்பம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முழுமையான சாகசக் கதை வேண்டும் என்றால், ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ (64). பெயரை முழுசாகச் சொல்வது முக்கியம். 2003-ல் வந்த முதல் தொடர், மங்கா முடியாததால் பாதியில் தனி வழியில் போய்விட்டது. 2009-ல் தொடங்கிய ‘பிரதர்ஹுட்’தான் மங்காவின் கதையை இறுதிவரை சொல்கிறது.

ஆபீஸ் டென்ஷனில் இருப்பவருக்கு, ‘ஷிரோபாகோ’ (24). அனிமே தயாரிக்கும் நிறுவனம்தான் கதைக்களம். டெட்லைன் நெருங்கும்போது அங்கே நடக்கும் களேபரத்தைப் பார்த்தால், ‘நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே’ என்று தோன்றும்.

படம் அழகு, ஆனால்...

‘கார்ட்டூன்தானே’ என்று குழந்தைகளிடம் கொடுத்துவிடுவது இன்னொரு ஆபத்து. ‘மேட் இன் அபிஸ்’ தொடரின் குட்டிக் கதாபாத்திரங்களைப் பார்த்தால் கொஞ்சத் தோன்றும். ஆனால், கதையில் வரும் கொடூரம் பெரியவர்களையே உலுக்கும். ‘ஷோனென்’ என்ற முத்திரையையும் நம்ப முடியாது. மங்கா வெளியான பத்திரிகை யாருக்கானது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ‘டெத் நோட்’கூட சிறுவர்களுக்கான ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் வந்ததுதான். எனவே, வயது வரம்பைப் பார்த்துவிட்டுப் பரிந்துரைப்பதே நல்லது.

மூணு எபிசோடு போதும்

ரசிகர்களிடையே ‘மூன்று எபிசோடு விதி’ ஒன்று உண்டு. அதுவரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பதே அது. 2011-ல் வந்த ‘மடோகா மேஜிகா’ (12) இதற்குச் சரியான உதாரணம். முதல் இரண்டு எபிசோடுகள் சிறுமிகளின் மாயாஜாலக் கதை போலவே இருக்கும், மூன்றாவதில் ஆட்டமே மாறிவிடும். எப்படி என்று மட்டும் நண்பரிடம் உளறிவிடாதீர்கள்!

மூணு பார்த்தும் ஒட்டவில்லை என்றால், ‘இன்னும் 50 எபிசோடு பாரு, சூடு பிடிக்கும்’ என்று நச்சரிக்க வேண்டாம். வேறொன்றைச் சொல்லிப் பாருங்கள். சின்னத் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவர், அடுத்து என்ன என்று அவரே வந்து கேட்பார். ‘ஒன் பீஸ்’ எங்கேயும் ஓடிவிடாது.