கீரையும் மாத்திரையும் இருதய வால்வும்: 'கே' வைட்டமின் பற்றிக் கிராம ஊழியர் அறிய வேண்டியவை

கர்க்கடக மாதம் பிறந்து தென்மேற்குப் பருவமழை ஓயாது பெய்யும் நாட்களில், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைப்புறக் கிராமங்களில் பத்திலைத் துவரன் சமைப்பது நெடுங்கால வழக்கமாகும். தகரை, பயற்றிலை, பரங்கியிலை, சேம்பிலை முதலிய பத்து வகை இலைகளை வேலியோரங்களிலும் தோட்டங்களிலும் பறித்து, தேங்காய்த் துருவலுடன் வதக்கி உண்பர். பிற மாதங்களில் விரும்பி உண்ணும் முருங்கையிலையை மட்டும் அம்மாதத்தில் விலக்கிவிடுவர். இவ்வழக்கத்தினால் பெரும்பாலோருக்கு நன்மையே விளைகிறது. ஆனால், செயற்கை இருதய வால்வு பொருத்தப்பெற்ற ஒருவர் வீட்டில் இருப்பின், இலைக்கறியின் அளவு திடீரென்று கூடுவதும் குறைவதும் கவனத்திற்குரிய செய்தியாகிவிடுகிறது. 'எலும்புக்கும் இருதயத்திற்கும் ஏற்றது' என்று இக்காலத்தில் விற்கப்படும் 'கே' வைட்டமின் மாத்திரைகளைப் பொறுத்தவரை இக்கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும்.

கோழிக்குஞ்சும் காய்ந்த தீவனமும்

டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹென்ரிக் டாம் 1929-ஆம் ஆண்டில் கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் கோழிக்குஞ்சுகளுக்கு அளித்து ஆராய்ந்தபோது, அவற்றின் உடலில் இரத்தக் கசிவு உண்டாவதைக் கண்டார். இரத்தம் உறைவதற்கு உதவும் ஒரு சத்து அத்தீவனத்தில் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உறைதலைக் குறிக்கும் டேனிஷ், ஜெர்மன் சொற்களின் முதலெழுத்தைக் கொண்டு 1935-இல் அதற்கு 'கே' எனப் பெயரிடப்பட்டது. இக்கண்டுபிடிப்பிற்காக டாமுக்கும், அதன் இரசாயன இயல்பை விளக்கிய அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கு நேர் எதிரான பொருளொன்றும் தீவனத்திலிருந்தே கிடைத்தது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் பெருகி மாண்டன. அதற்குக் காரணமான பொருளைக் கார்ல் பால் லிங்க் என்பாரும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்தனர். அவ்வாராய்ச்சியின் வழியே தோன்றிய வார்பாரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்குரிய மருந்தாகவும் ஏற்கப்பட்டது. 'கே' வைட்டமின் உடலில் மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுப்பதே இம்மருந்தின் செயலாகும்.

எலும்பிலும் இரத்தக் குழாயிலும்

கல்லீரலில் உண்டாகும் சில புரதங்கள் கால்ஷியத்தைப் பற்றிக்கொண்டால்தான் இரத்தம் உறையும். அவற்றைப் பற்றும் திறனுடையனவாக மாற்றுவது 'கே' வைட்டமினே என்பது 1974-இல் விளங்கியது. எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சின் என்னும் புரதத்திற்கும், இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் மற்றொரு புரதத்திற்கும் இதே உதவி தேவைப்படுகிறது. இரண்டாவதாகக் கூறிய புரதம் அறவே இல்லாத சுண்டெலிகள், தமனிகளில் சுண்ணாம்பு படிந்து இரண்டு மாதங்களுக்குள் இறந்ததை 1997-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. மாத்திரை விற்போர் எடுத்துக் கூறும் வாதத்தின் அடிப்படை இதுவே. வாதம் பொருளற்றதன்று, ஆயினும் மனிதரிடம் நடத்திய சோதனைகள் அதனை இன்னும் மெய்ப்பிக்கவில்லை.

கனடாவில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்த 440 பெண்களிடம் நடத்தப்பெற்று 2008-இல் வெளியான சோதனையில், நாள்தோறும் 5 மில்லிகிராம் 'கே1' உட்கொண்டும் எலும்பு தேய்வது குறையவில்லை. டென்மார்க்கில் 365 முதியோர் இரண்டு ஆண்டுகள் 'கே2', 'டி' வைட்டமின்களைச் சேர்த்து உண்டும், இருதயத்தின் மகாதமனி வால்வில் சுண்ணாம்பு படியும் வேகம் குறிப்பிடத்தக்கவாறு தணியவில்லை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் 'கே2' பேரளவில் எலும்புத் தேய்வுக்கு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. எனினும் அங்கும் அது மருத்துவர் அறிந்து தரும் மருந்தேயாகும்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2004-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 65 மைக்ரோகிராமும் பெண்ணுக்கு 55 மைக்ரோகிராமும் போதும். பாலக் கீரை 100 கிராமில் ஏறத்தாழ 480 மைக்ரோகிராம் இருக்கிறது. அரிசியிலும் மரவள்ளிக் கிழங்கிலும் தேங்காயெண்ணெயிலும் இச்சத்து மிகச் சொற்பம். ஆகவே சோறும் கிழங்கும் மீனும் உண்ணும் குடும்பத்திற்குச் சிறிதளவு கீரையே இத்தேவையை நிறைவு செய்யும். எலும்பின் உறுதிக்கு முள்ளோடு உண்ணும் நெத்திலி, கேழ்வரகு, பால், வெயில், உடலுழைப்பு ஆகியனவும் வேண்டும்.

வால்வு பொருத்தப்பெற்றோர்

பிள்ளைப் பருவத்தில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் கீல்வாதக் காய்ச்சல் இருதய வால்வுகளைக் கெடுக்கக்கூடும். அவ்வாறு கெட்ட வால்வுக்கு மாற்றாக, நெய்யாற்றின்கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்பக் கழகம் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவிலேயே ஒரு செயற்கை வால்வை உருவாக்கிற்று. அது 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. விலை உயர்ந்த வெளிநாட்டு வால்வுகளை வாங்க இயலாத பல்லாயிரம் பேருக்கு அது வாழ்வளித்துள்ளது.

இத்தகைய வால்வு உடையோர் ஆயுள் முழுவதும் வார்பாரின் அல்லது அசெனோகுமரால் மாத்திரை உட்கொள்ள வேண்டும். புதிய வகை இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் இவர்களுக்கு ஏற்றவையல்ல. இயல்பான இரத்தத்தில் ஐ.என்.ஆர். என்னும் அளவை ஏறத்தாழ 1. இவர்களுக்கு அதனை 2-க்கும் 3.5-க்கும் இடையே, மருத்துவர் குறித்த எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். 'கே' வைட்டமின் மிகுந்தால் மருந்தின் வலிமை குன்றி, வால்வில் இரத்தம் கட்டும். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். வழக்கமாக உண்ட கீரையைத் திடீரென்று நிறுத்தினால் மருந்தின் வலிமை மிஞ்சி, இரத்தக் கசிவு நேரிடலாம். ஆதலால் இவர்கள் கீரையை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டு வருவதே முறையாகும்.

ஊழியர் செய்யத் தக்கவை

வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர், 'இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் எவரேனும் உளரா?' என்று முதலில் வினவுதல் நன்று. இருப்பின், மருத்துவரைக் கேளாமல் வைட்டமின் மாத்திரையோ, சத்து மாவோ, பச்சிலை மருந்தோ உட்கொள்ளலாகாது என்பதை விளக்க வேண்டும். கர்க்கடகத்தில் உணவு மாறுமாயின், இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளும்படி கூறலாம். ஈறில் இரத்தம், கரிய மலம், சிறுநீரில் செந்நிறம், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வழக்கமாகக் கேட்கும் வால்வின் ஒலி மங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பிறந்த குழந்தைகளின் நிலை வேறு. அவர்கள் உடலில் 'கே' வைட்டமின் மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் அது சிறிதளவே உண்டு. எனவே பிறந்தவுடன் 1 மில்லிகிராம், 1,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு அரை மில்லிகிராம், ஊசி மூலம் அளிக்குமாறு மத்திய அரசு 2014-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. இவ்வூசியை அஞ்சும் பெற்றோருக்கு அதன் அவசியத்தை எடுத்துரைத்தல் ஊழியர் கடமையாகும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. தொண்டைப்புண்ணுடன் காய்ச்சல் கண்ட மாணவனைக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் அனுப்பி, உரிய சிகிச்சை பெறச் செய்தால், பிற்காலத்தில் அவனுக்குச் செயற்கை வால்வே தேவைப்படாமற் போகலாம்.