கல்யாண நாள் டின்னருக்கு எந்த ஒயின்? மெனு கார்டைப் பார்த்து முழிக்கிறீர்களா?

முதல் கல்யாண நாளுக்குப் புதுச்சேரி போன நண்பர் ஒருவர், கடற்கரைப் பக்கத்து ரெஸ்டாரன்ட்டில் மனைவிக்கு ரெட் ஒயின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். லிஸ்ட்டிலேயே விலை அதிகமான பாட்டில். கூடவே, மனைவிக்குப் பிடித்த மிளகு இறால். முதல் மடக்கிலேயே அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத்தான் இதெல்லாம் குடிக்கத் தெரியல போல" என்று கிளாஸைத் தள்ளிவைத்தாராம். அதுதான் நண்பருக்கு இன்றுவரை உறுத்தல்.

தப்பு அவர்மேல் இல்லை. ஜோடி சேர்த்ததில்தான் கோளாறு!

ரெட் ஒயினில், கறுப்புத் திராட்சையின் தோலையும் விதையையும் சேர்த்தே புளிக்க வைப்பார்கள். அதிலிருந்து இறங்குவதுதான் 'டானின்'. ஸ்ட்ராங்கான கட்டன் டீ குடித்தால் நாக்கு வறண்டு இழுக்குமே, அதே துவர்ப்பு. காரம் சேர்ந்தால் துவர்ப்பும் எரிச்சலும் இன்னும் ஏறும். மீன், இறாலுடன் குடித்தால் சிலருக்கு இரும்பை நக்கியதுபோல இருக்கும்.

மிளகாயைக் கடித்த குழந்தைக்குச் சர்க்கரை கொடுப்போம் இல்லையா? இங்கேயும் அந்தக் கணக்குதான். காரச் சாப்பாட்டுக்கு லேசான இனிப்பும் புளிப்பும் உள்ள ஒயிட் ஒயின் பொருந்தும். ரீஸ்லிங், செனின் பிளாங்க் என்று லிஸ்ட்டில் தேடுங்கள். ஆனால் இரண்டிலும் இனிப்பே இல்லாத வகையும் உண்டு என்பதால், 'கொஞ்சம் இனிப்பா இருக்குமா?' என்று கேட்டுவிடுங்கள். செனின் பிளாங்க் நம் நாசிக்கிலேயே தயாராகிறது. ரெட்தான் வேண்டும் என்றால், காரம் குறைந்த மட்டன் சொல்லுங்கள்.

வெயிட்டர் முதலில் கொஞ்சமாக ஊற்றிவிட்டு நிற்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, கெட்டுப்போயிருக்கிறதா என்று நீங்கள் பார்க்க. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கூச்சப்படாமல் வேறு பாட்டில் கேட்கலாம்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும். இரண்டு பேருக்கு அது அதிகம். கிளாஸ் கணக்கில் கிடைத்தால் பர்ஸுக்கும் நல்லது. பைக்கை மட்டும் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, சமயத்தில் இரண்டும்!

நண்பர் இந்த வருடமும் அதே ரெஸ்டாரன்ட்டுக்குத்தான் போனார். அதே மிளகு இறால். அவருக்கு ஒரு கிளாஸ் செனின் பிளாங்க், மனைவிக்கு லைம் சோடா. பாதியில் அந்தக் கிளாஸை இழுத்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தவர், "இது பரவாயில்லையே" என்றாராம். அப்புறம் கிளாஸ் திரும்பி வரவே இல்லை. லைம் சோடாதான் வந்தது!